படம் வந்தால் காமிக்ஸ் விலை ஏறுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு சூப்பர் ஹீரோ படம் வெளியாகும் வாரமும் எனக்கு நாலைந்து போன் வந்துவிடும். "அந்த ஆளோட பழைய காமிக்ஸ் ஒண்ணு கிடக்கு, என்ன விலை போகும்?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நான் வியாபாரி இல்லை. அமெரிக்க காமிக்ஸ் இதழ்களைப் பல வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறவன், அவ்வளவுதான். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போனதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

படம் வந்தா பழைய காமிக்ஸ் விலை ஏறும்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். ஆனால் எல்லாப் புத்தகத்துக்கும் ஏறாது, ஏறின விலை அங்கேயே நிற்கும் என்றும் சொல்ல முடியாது.

கணக்கு எளிது. 1960லோ 1975லோ வந்த ஓர் இதழை இனிமேல் யாரும் அச்சடித்துக் கூட்ட முடியாது. பழைய பேப்பருக்குப் போனது போக, கிழிந்தது போக, மிச்சம் இருப்பதுதான் இருப்பு. அதுவரை அந்தப் பாத்திரத்தின் பெயரையே கேட்டிராத பெருங்கூட்டத்துக்குப் படம் அதை அறிமுகப்படுத்துகிறது. அதில் கொஞ்சம் பேர் 'இவன் முதன்முதலில் வந்த இதழ் எனக்கு வேண்டும்' என்று கிளம்பினாலே போதும். இருப்பு அதேதான், கேட்கிறவர்கள் மட்டும் கூடிவிடுகிறார்கள்.

2014இல் வந்த 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' இதற்கு நல்ல உதாரணம். அந்தப் படத்துக்கு முன்னால் ராக்கெட் ரக்கூனையும் குரூட்டையும் காமிக்ஸ் பைத்தியங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. குரூட் முதலில் வந்தது 1960இல், 'டேல்ஸ் டு அஸ்டானிஷ்' 13ஆம் இதழில். அதில் அவன் மனிதர்களைப் பிடித்துப்போக வரும் மர அரக்கன், இப்போதைய செல்லப்பிள்ளை இல்லை. அரை நூற்றாண்டு யாரும் சீந்தாத இதழ் அது. படம் வந்தபிறகு ஏலத்துக்கு வரும் சரக்காகிவிட்டது.

அப்போ அந்த ஹீரோ வர்ற எல்லா புக்குக்கும் மதிப்பு இருக்கா?

இல்லை. சேகரிப்பவர்கள் 'கீ இஷ்யூ' என்று சொல்லும் சில இதழ்களுக்குத்தான். ஒரு பாத்திரம் முதலில் தோன்றிய இதழ், அவன் பெயரிலேயே தொடங்கிய தொடரின் முதல் இதழ், முக்கியமான ஒரு மரணம், இப்படி. இவற்றில் முதல் தோற்றம்தான் ராஜா.

இதில் பலர் ஏமாறுவது ஒரு சின்ன விஷயத்தில். முதல் தோற்றம் பெரும்பாலும் வேறொருவன் பெயர் போட்ட இதழில்தான் இருக்கும். பிளாக் பாந்தர் முதலில் வந்தது 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 52இல் (ஜூலை 1966). டெட்பூல் 'நியூ மியூடன்ட்ஸ்' 98இல் (பிப்ரவரி 1991). தானோஸ் 'அயர்ன் மேன்' 55இல் (பிப்ரவரி 1973). மூன் நைட்டைத் தேடினால் 'வேர்வுல்ஃப் பை நைட்' 32இல் (ஆகஸ்ட் 1975) கிடைப்பான். ஓநாய் மனிதன் கதையை எவன் தேடிப் பார்ப்பான்? விஷயம் தெரிந்தவன் பார்ப்பான். அந்த வித்தியாசத்தில்தான் சிலர் காசு பார்த்தார்கள்.

முதல் தோற்றம்னா ஒண்ணுதானே இருக்கும், அதுல என்ன சண்டை?

சண்டை நிறைய உண்டு. வுல்வரினை எடுத்துக்கொள்ளுங்கள். 1974இல் 'இன்க்ரெடிபிள் ஹல்க்' 180ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்தில் வந்து நிற்கிறான். அடுத்த இதழான 181இல்தான் முழுதாக ஹல்குடன் மோதுகிறான், அட்டையிலும் வருகிறான். தேதிப்படி பார்த்தால் 180தான் முதல். ஆனால் சந்தை 181 பக்கம் சாய்ந்துவிட்டது, விலையில் 180ஐவிடப் பல மடங்கு மேலே நிற்கிறது. சந்தை இலக்கணப் புத்தகம் பார்த்து முடிவு செய்வதில்லை. அட்டையில் ஆள் நிற்கிறானா, கதையில் அவனுக்கு வேலை இருக்கிறதா என்று பார்க்கிறது.

ராக்கெட் ரக்கூன் இன்னொரு தலைவலி. 1976இல் 'மார்வெல் பிரிவ்யூ' 7 என்ற கறுப்பு வெள்ளைப் பத்திரிகையில் 'ராக்கி' என்ற பெயரில் எட்டிப் பார்க்கிறான். வண்ண காமிக்ஸில் வருவது 1982இல், 'ஹல்க்' 271இல். இரண்டுக்கும் தனித்தனிக் கட்சி இருக்கிறது. ஹார்லி குவின் கதையோ தலைகீழ். அவள் பிறந்ததே 1992இல் தொலைக்காட்சி கார்ட்டூனில். காமிக்ஸுக்கு வந்தது அடுத்த வருடம், 'பேட்மேன் அட்வென்ச்சர்ஸ்' 12இல். சிறுவர்களுக்கான மலிவு இதழ் என்று ஒதுக்கப்பட்டிருந்த அதைப் பிற்பாடு ஆளாளுக்குத் தேடினார்கள்.

விலை எப்போ ஏறுது? படம் ரிலீஸ் ஆனதும் தானே?

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுகிறார்கள். படம் வருவதற்கு முன்னால் ஏறுகிறது. முதல் வதந்தியில் கொஞ்சம், ஸ்டுடியோ மேடையேறி அறிவிக்கும்போது ஒரு பெரிய தாவல், நடிகர் பெயர் வரும்போது இன்னொன்று, டிரெய்லருக்கு மற்றொன்று. திரையரங்கில் படம் ஓடும் வாரத்தில் பழைய ஆட்கள் விற்றுக்கொண்டிருப்பார்கள். வாங்குபவர்கள் புது ஆட்கள்.

'எடர்னல்ஸ்' இதைப் பாடமாகவே நடத்திக் காட்டியது. ஜாக் கிர்பி என்ற காமிக்ஸ் ஓவியர் 1976இல் உருவாக்கிய தொடர் அது. முதல் இதழ் வெகுகாலம் மலிவாகவே கிடைத்தது. மார்வெல் படம் எடுக்கப் போகிறது என்ற பேச்சு 2018இல் கிளம்பியதும் விலை துள்ளியது. 2019 ஜூலையில் சான் டியாகோ காமிக் கான் என்ற அமெரிக்க காமிக்ஸ் திருவிழாவில் முறையாக அறிவித்தார்கள். படம் வந்ததோ 2021 நவம்பரில். விமர்சனங்கள் கைகொடுக்கவில்லை. அதற்குள் விலை மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

அப்படின்னா படம் பார்த்துட்டு வாங்கினா லேட்டா சார்?

லாபத்துக்காக என்றால் ஆமாம், பெரும்பாலும் தாமதம்தான். படித்து ரசித்து வைத்துக்கொள்ள என்றால் அவசரமே வேண்டாம். படம் வெளியாகி ஒன்றிரண்டு வருடம் கழித்து, எல்லோரும் அடுத்த படத்துக்குப் போனபிறகு வாங்குங்கள். அதே இதழ் அமைதியான விலைக்குக் கிடைக்கும்.

படம் அறிவிச்சுட்டாங்க, உடனே வாங்கிப் போட்டா சேஃப்தானே?

அறிவித்த படமெல்லாம் வந்துவிடுமா? 2019இல் சான் டியாகோவில் அதே மேடையில்தான் மஹர்ஷாலா அலி நடிக்கும் 'பிளேட்' படத்தையும் அறிவித்தார்கள். பிளேட் முதலில் தோன்றிய 'டூம் ஆஃப் டிராகுலா' 10ஆம் இதழை (ஜூலை 1973) ஆட்கள் அள்ளினார்கள். இயக்குநர்கள் மாறினார்கள், தேதி தள்ளித் தள்ளிப் போனது. 2024இல் வெளியீட்டுப் பட்டியலிலிருந்தே படத்தை எடுத்துவிட்டார்கள்.

'பேட்கேர்ள்' நிலைமை இன்னும் மோசம். படப்பிடிப்பே முடிந்திருந்தது. 2022 ஆகஸ்டில் வார்னர் நிறுவனம் அதை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தது. கல்யாண மண்டபம் வரை வந்து நின்ற சம்பந்தம் மாதிரி. உரிமையை வாங்கிவிட்டார்கள் என்ற அளவிலான செய்தியை நம்பி இறங்குவது இதைவிடப் பெரிய சூதாட்டம். வாங்கிய உரிமைகளில் பெரும்பாலானவை படமாவதே இல்லை.

படம் ஹிட்டானா விலை நிக்கும், ஃபிளாப்பானா விழும். கரெக்டா?

பாதி சரி. படம் ஊற்றிக்கொண்டால் விழும் என்பதில் சந்தேகமில்லை. ஹிட்டானாலும் விழும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. முன்பே சொன்னபடி, எதிர்பார்ப்பு முழுவதும் விலைக்குள் ஏற்கெனவே போய்விட்டது. படம் நன்றாக இருந்தால் எதிர்பார்த்தது நடந்தது, அவ்வளவுதான். அதற்கு மேல் ஏற இன்னொரு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் பெரும்பாலும் பாத்திரம் மனதில் தங்குவது. 2016இல் டெட்பூல் படம் ஓடியதற்குப் பின்னும் ஜனங்கள் அவனை விடவில்லை. பனியன், பொம்மை, அடுத்த பாகம் என்று போய்க்கொண்டே இருந்தான். 'நியூ மியூடன்ட்ஸ்' 98 அரிய இதழே கிடையாது. அச்சுப் பெருகிய காலத்துச் சரக்கு, கிட்டத்தட்டப் புதிது மாதிரியான பிரதிகளே ஆயிரக்கணக்கில் உண்டு. இருந்தும் அதன் விலை மற்ற 1991 இதழ்களோடு ஒப்பிடவே முடியாத உயரத்தில் இருக்கிறது. ஆள் பிடித்துப்போனால் அரிதாக இல்லாததும் விலை போகும்.

சூப்பர்மேன் முதல் இதழ் கோடிக்கணக்குல போச்சே, அதுவும் படத்தாலயா?

இல்லை, அது வேறு உலகம். 1938இல் பத்து சென்ட்டுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் ஒரு பிரதி 2010இல் முதன்முறையாகப் பத்து லட்சம் டாலரைத் தொட்டது. 2014இல் இன்னொரு பிரதி 32 லட்சம், 2024இல் வேறொன்று 60 லட்சம் டாலர். எஞ்சியிருப்பதே சுமார் நூறு பிரதிகள் என்று கணிக்கிறார்கள். அதை வாங்குகிறவர் ஓவியம் வாங்குகிறவர் மாதிரி. இந்த வருடம் சூப்பர்மேனாக யார் நடிக்கிறார் என்று பார்த்து முடிவெடுப்பதில்லை.

'அமேசிங் ஃபேன்டஸி' 15, அதாவது ஸ்பைடர்மேன் அறிமுகமான 1962 ஆகஸ்ட் இதழ், நடுவில் நிற்கிறது. 2021 செப்டம்பரில் மிக நல்ல நிலையில் இருந்த ஒரு பிரதி 36 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே டிசம்பரில் பெரிய ஸ்பைடர்மேன் படம் வந்தது உண்மைதான். ஆனால் அது கொரோனா காலத்தில் வீட்டில் முடங்கியவர்கள் கையில் காசு புரண்டு, காமிக்ஸ், விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டை எல்லாமே தாறுமாறாக ஏறிய வருடமும்கூட. எந்தப் பங்கு படத்தினுடையது, எந்தப் பங்கு காலத்தினுடையது என்று பிரித்துச் சொல்லுகிறவரை நம்பாதீர்கள். அடுத்த இரண்டு வருடத்தில் நடுத்தர இதழ்கள் பல தொப்பென்று இறங்கின.

ஒரே இதழ்தான், ஒருத்தர் நூறு டாலர்ங்கறார், இன்னொருத்தர் ரெண்டாயிரம்ங்கறார். யார் பொய் சொல்றா?

இருவருமே உண்மை சொல்லலாம். நிலைமைதான் விலை. 2000இல் தொடங்கிய சி.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனம் இதழைப் பரிசோதித்து 0.5 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்து முத்திரை வைத்துத் தருகிறது. அதைத்தான் 'ஸ்லாப்' என்கிறார்கள். 9.8க்கும் 9.4க்கும் இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் ஒரு மடிப்புக்கோடு. விலையில் அது பாதிக்குப் பாதி வித்தியாசமாகிவிடலாம்.

நிலைமை என்றால் அட்டை மட்டும் இல்லை. 'ஹல்க்' 181ஐயே திரும்பவும் எடுப்போம். அந்தக் காலத்தில் மார்வெல் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் ஒரு சிறிய முத்திரைப் படம் அச்சிட்டிருப்பார்கள். வெட்டிச் சேர்த்து ஒட்டுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். பிள்ளைகள் சமர்த்தாகக் கத்தரிக்கோலை எடுத்தார்கள். வெளியே பளபளவென்றிருக்கும் 181 உள்ளே சதுர ஓட்டையோடு இருக்கும். அந்த ஓட்டை சில ஆயிரம் டாலர். வாங்கும்முன் அந்தப் பக்கத்தின் போட்டோவைக் கேளுங்கள்.

கிழிஞ்சதை டேப் ஒட்டி, கலர் அடிச்சு நல்லா பண்ணிட்டா?

செய்யாதீர்கள். நிறம் தொட்ட பிரதிக்கு சி.ஜி.சி. ஊதாநிற லேபிள் போடும். ஊதாவைப் பார்த்ததும் சேகரிப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். டேப்பும் வேண்டாம். கிழிசல் கிழிசலாகவே இருக்கட்டும்.

படத்துக்காகவே போட்ட காமிக்ஸ் என்கிட்ட இருக்கு. அதுக்கு மதிப்பு உண்டா?

பெரும்பாலும் கிடையாது. படக்கதையைக் காமிக்ஸாகப் போட்டவை நிறைய அச்சானவை, யாரும் பெரிதாகத் தேடுவதில்லை.

பெரிய விதிவிலக்கு 'ஸ்டார் வார்ஸ்'. மார்வெல் போட்ட முதல் இதழ் 1977இல் படத்துக்கும் முன்பே கடைக்கு வந்துவிட்டது. விலை 30 சென்ட். ஆனால் விலையேற்றத்தைச் சோதித்துப் பார்க்கச் சில ஊர்களில் மட்டும் 35 சென்ட் போட்டு, சுமார் 1,500 பிரதிகள் விட்டார்கள். அந்த ஐந்து சென்ட் வித்தியாசம் இன்று பல்லாயிரம் டாலர். உடனே பெட்டியைக் கிளறாதீர்கள், 35 சென்ட் போட்ட மறுபதிப்புகளும் உண்டு. அட்டை விலையை மட்டும் வைத்து யாராவது விற்க வந்தால் காசை எடுக்காதீர்கள்.

தொண்ணூறுகள்ல வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் வச்சிருக்கேன், படம் வரும்போது வித்துடவா?

வருந்துகிறேன். 1991இல் வந்த அந்த 'எக்ஸ்-மென்' முதல் இதழ் எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது. எல்லோரும் பிற்காலத்தில் விற்கலாம் என்று உறை போட்டுப் பத்திரப்படுத்தினார்கள். அதனால் இன்றும் எல்லாப் பிரதியும் பத்திரமாக இருக்கிறது. எத்தனை படம் வந்தாலும் அந்த மலையைக் கரைக்க முடியாது. பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுங்கள். ஜிம் லீயின் ஓவியம் நன்றாகவே இருக்கும்.

சின்ன பதிப்பகம் போட்ட காமிக்ஸ் படமானா?

அதுதான் ஜாக்பாட், கையில் இருந்தால். 1984இல் 'டீனேஜ் மியூடன்ட் நிஞ்சா டர்டில்ஸ்' முதல் அச்சு சுமார் 3,000 பிரதிகள்தான். 2003இல் 'தி வாக்கிங் டெட்' முதல் இதழ் ஏழாயிரத்துச் சொச்சம். முன்னதற்குக் கார்ட்டூனும் படமும், பின்னதற்கு 2010இல் தொலைக்காட்சித் தொடரும் வந்தபோது உலகமே இந்தச் சில ஆயிரத்துக்காக அடித்துக்கொண்டது. மேலே சொன்ன எண்பது லட்சத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படம் வந்தா மறுபதிப்பு வருமே, அப்போ ஒரிஜினல் விலை குறையாதா?

குறையாது. கதை படிக்க வேண்டியவர் மறுபதிப்பை வாங்குவார், இதழ் வேண்டியவர் இதழையே தேடுவார். இரண்டும் வெவ்வேறு ஆட்கள். 'வாட்ச்மென்' படத்தின் டிரெய்லர் 2008இல் வந்தபோது தொகுப்பு நூல் மளமளவென்று விற்றது. 1986இன் தனி இதழ்களோ நிறையவே அச்சானவை, அந்த வேகத்தில் நகரவில்லை. பதிப்பாளருக்கு லாபம், சேகரிப்பவருக்கு ஒன்றுமில்லை.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. விளம்பரம் உட்பட அப்படியே அச்சிட்ட நகல் பதிப்புகள் இப்போது நிறைய வருகின்றன. அட்டையில் இருக்கும் விலை இன்றைய விலையா என்று முதலில் பாருங்கள். 1974இல் சூப்பர்மேனின் பதிப்பாளரான டி.சி. நிறுவனமே 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழைப் பெரிய அளவில் மறுபதிப்பு செய்தது. அதன் வெளி அட்டையைக் கழற்றினால் உள்ளே அசல் அட்டை மாதிரியே இருக்கும். பழைய வீட்டுப் பரணிலிருந்து கிடைத்தது என்று அதை நீட்டிய கதைகள் உண்டு. அளவுகோல் போதும், அசலைவிட அது மிகப் பெரியது.

இணையத்துல அஞ்சாயிரம் டாலர்னு போட்டிருக்கானே, அப்போ என்னோடதும் அவ்வளவுதானே?

அது அவர் கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றின் பட்டியலைப் பாருங்கள், உங்கள் இதழின் அதே நிலைமையில், கடைசி மூன்று மாதத்துக்குள். அப்புறம் தளத்தின் கமிஷன், தபால் செலவு, சி.ஜி.சி. கட்டணம் எல்லாவற்றையும் கழியுங்கள். இங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பி மதிப்பெண் வாங்கித் திரும்ப எடுத்துவரும் செலவைப் போட்டால், பல இதழ்களுக்கு வண்டிச் சத்தமே சுண்டைக்காயைத் தாண்டிவிடும்.

நம்ம முத்து காமிக்ஸ், ராணி காமிக்ஸுக்கெல்லாம் இந்த மாதிரி உண்டா?

படத்தால் என்றால் நான் பார்த்தவரை இல்லை. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்த மாயாவியே 'வேலியன்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழிலிருந்து வந்தவர். பழைய பிரதிக்கு இன்று பெரிய தொகை கொடுப்பவர் சின்ன வயதில் அதை வாடகை நூலகத்தில் படித்தவர், படம் பார்த்துவிட்டு வந்தவர் இல்லை. ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டுக்கு வராத படமா? ஆனாலும் புது பாண்ட் படம் வந்த வாரம் யாரும் என்னிடம் ராணி காமிக்ஸ் கேட்டதில்லை.

சென்னையில வச்சிருந்தா கெட்டுப் போகாதா?

கெடும். கடல் காற்றில் ஸ்டேப்லர் ஊசி துருப்பிடித்துத் தாளில் பழுப்பு இறங்கும், ராமபாணப் பூச்சி அட்டையை அரிக்கும். மைலார் என்ற பிளாஸ்டிக் உறை, அமிலமில்லாத அட்டை, தரையிலிருந்தும் வெளிச் சுவரிலிருந்தும் தள்ளி ஓர் அலமாரி. பரண் வேண்டாம். ஸ்லாப் செய்தாலும் ஈரப்பதம் உள்ளே போகாது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

இவ்வளவு பேசறீங்களே, நீங்க எவ்வளவு சம்பாதிச்சீங்க?

கேட்பீர்கள் என்று தெரியும். மேலே எடர்னல்ஸ் கதையை ஏன் அவ்வளவு விவரமாகச் சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? 2019 ஆகஸ்டில், அறிவிப்பு வந்த அடுத்த மாதம், அந்த முதல் இதழை வாங்கியவர்களில் நானும் ஒருவன். படம் வரும்போது விற்று ஒரு நல்ல ஃபிரிட்ஜ் வாங்கலாம் என்று வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன். படத்தை முதல் நாளே போய்ப் பார்த்தேன், இடைவேளையில் போனில் விலையையும் பார்த்தேன்.

இதழ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கிர்பி வரைந்த அந்த இரட்டைப் பக்கத்தை அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். பழைய ஃபிரிட்ஜும் அப்படியே ஓடுகிறது, சத்தம்தான் கொஞ்சம் கூடியிருக்கிறது.